மூக்கோரத்து வெளிச்சம்

நாட்றம்பள்ளியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. மணமக்கள் உட்காரும் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். மூளையின் படம், அதிலிருந்து நாலா பக்கமும் பாயும் மின்னல். மேடையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கண்கட்டு. கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் அம்மாக்கள், அப்பாக்கள், சில ஆயாக்கள். ஒவ்வொரு பிள்ளையாக முன்னால் வந்து, கையில் கொடுத்த அட்டையைத் தடவி, முகர்ந்து, "சிவப்பு" என்றது, "ஏழு" என்றது. ஒரு பெண் பிள்ளை நூறு ரூபாய் நோட்டின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தது. கைதட்டலில் மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

மேடையில் மூன்றாவதாக நின்றவன் என் அக்கா பையன். ஐந்தாம் வகுப்பு. அக்கா வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். பயிற்சிக்குக் கட்டிய பணம் அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். சீட்டு எடுத்துக் கட்டினாள். பையன் ஒரு கார்ட்டூன் அட்டையைச் சரியாகச் சொன்னதும் மைக்கில் அவன் பெயரை இனிஷியலோடு சேர்த்து அறிவித்தார்கள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் பையன் எனக்கு ஒரு ரகசியம் சொன்னான். "மாமா, மூக்கு பக்கத்துல ஒரு சந்து இருக்கு. அதுல கீழ பாத்தா தெரியும். மொகத்த இப்படி லேசா தூக்கிக்கணும். யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்ட சொல்லவே சொல்லாத, அழுதுரும்."

இந்தக் கட்டுரை அந்தச் சந்தைப் பற்றியது. அது நூறு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சந்து. எழுத்தாளர்கள் அதற்குள் விழுந்திருக்கிறார்கள், விஞ்ஞான இதழ்கள் அதை அளந்திருக்கின்றன, வித்தைக்காரர்கள் அதை வைத்துக் கௌரவமாகப் பிழைத்திருக்கிறார்கள். ஒரு பத்து வயதுப் பையன் அதைத் தானாகவே கண்டுபிடித்தான். கண்டுபிடித்த அன்றே அதை மறைக்கவும் கற்றுக்கொண்டான். என் கவலை இரண்டாவது விஷயத்தில்தான்.

*

இந்த நிகழ்ச்சியை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம்.

அதன் பெயர் நடுமூளைத் தூண்டல். ஜப்பானில் மகோடோ ஷிச்சிடா போன்றவர்கள் பரப்பிய "வலது மூளைக் கல்வி"யில் வேர்விட்டு, மலேசியா வழியாகக் கிளை உரிமம் பெறும் வியாபாரமாக இந்தியாவுக்குள் வந்தது. கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். இடது மூளை கணக்குப் போடும், வலது மூளை கற்பனை செய்யும், நடுவில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் அதை எழுப்பிவிட்டால் ஞாபகசக்தி வரும், மார்க் வரும். எழுந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சி, கண்ணைக் கட்டினாலும் பார்ப்பது.

நடுமூளை என்று ஓர் உறுப்பு உண்மையிலேயே இருக்கிறது. மூளைத் தண்டின் உச்சியில், கட்டைவிரல் நுனி அளவுக்கு. கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குவதும், விழி மேலும் கீழும் உருளுவதும், திடீர்ச் சத்தம் கேட்டால் தலை அந்தப் பக்கம் திரும்புவதும் அதன் வேலைகளில் சேரும். டோபமைன் சுரக்கும் கருந்திட்டு அங்கேதான் இருக்கிறது. அதிலுள்ள செல்கள் அழிந்தால் வருவதுதான் பார்க்கின்சன் நோய். நடுமூளை தூங்கவில்லை. அது தூங்கினால் பிள்ளை மேடையில் நிற்காது, ஐ.சி.யூ.வில் கிடக்கும்.

இடது, வலது கதைக்கும் ஒரு மூலம் உண்டு. வலிப்பு நோய்க்காக இரண்டு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புப் பாலம் துண்டிக்கப்பட்டவர்களை ரோஜர் ஸ்பெரி ஆராய்ந்தார், 1981இல் நோபல் வாங்கினார். பாலம் அறுந்தவர்களுக்குச் சொன்னதை, பாலம் அறுபடாத நம் எல்லோருக்கும் நீட்டி, ஆளைப் பார்த்து "நீ வலது மூளைக்காரன்" என்று சொல்லும் பழக்கம் பிறகு வந்தது. 1993இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை: மோட்சார்ட் இசை கேட்ட 36 கல்லூரி மாணவர்கள், இடம் சார்ந்த புதிர்களைப் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குக் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள் என்றது. ஐந்தே வருடத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கப் பணம் கேட்டார். மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லுமோசிட்டி நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. ஆக, ஏமாறுவது நாட்றம்பள்ளியின் தனிச்சொத்து இல்லை. பணக்கார நாடுகள் அதை ஆங்கிலத்தில், நல்ல அட்டைப்பெட்டியில் வைத்துச் செய்கின்றன.

*

இப்போது சந்துக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்தில், சோவியத் ஒன்றியத்தின் நீஸ்னி தாகில் நகரில் ரோஸா குலெஷோவா என்ற இளம்பெண் விரல்நுனியால் அச்செழுத்தைப் படிக்கிறார், நிறம் சொல்கிறார் என்று செய்தி வந்தது. தோலால் பார்ப்பது என்று ஆராய்ச்சி ஒன்று கிளம்பியது. 1964இல் லைஃப் பத்திரிகை படங்களோடு போட்டது. 1966இல் சயன்ஸ் இதழில் மார்ட்டின் கார்ட்னர் பதில் எழுதினார். அவர் நரம்பியல் நிபுணர் இல்லை. கணிதப் புதிர்களைப் பற்றி மாதாமாதம் பத்தி எழுதியவர், வித்தைகளின் நுட்பம் தெரிந்தவர். அவர் கட்டுரையின் துணைத்தலைப்பே மூக்கு வழியாகக் கீழே எட்டிப்பார்ப்பதைப் பற்றியதுதான்.

அவர் சொன்னது எளிமையானது. மனித முகத்தில் மூக்கு துருத்திக்கொண்டிருக்கிற வரைக்கும் எந்தக் கண்கட்டும் முழுக்க மூடாது. மூக்கின் இரண்டு பக்கமும் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கீழ்நோக்கி நன்றாகவே பார்க்கலாம். பஞ்சு வைத்தாலும் மாவு அப்பினாலும் கண்ணை இறுக்கி மூடித் திறந்து கொஞ்சம் நகர்த்திவிட முடியும். நிஜமாகச் சோதிக்க வேண்டுமானால் தலையையே மறைக்கும் பெட்டி வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு மண்டபத்து மேடையைத் திரும்பப் பாருங்கள். பிள்ளைகள் ஏன் அட்டையை முகர்கிறார்கள்? முகர்ந்தால் அட்டை மூக்குக்குக் கீழே வரும். ஏன் தடவுகிறார்கள்? தடவும்போது அட்டை மார்பு உயரத்தில், மல்லாந்து இருக்கும். ஏன் எல்லாப் பிள்ளைகளுக்கும் மோவாய் லேசாகத் தூக்கியிருக்கிறது? அட்டையை நெற்றிக்கு நேராகப் பிடித்தால் ஏன் "பிள்ளை களைச்சுப் போயிட்டான்" என்கிறார்கள்? ஒளியே இல்லாமல் பார்க்கும் சக்தி என்றால் விளக்கை அணைத்து இருட்டறையில் ஏன் காட்டுவதில்லை? கன்னத்துக்கு அடியில் ஒரு காலண்டர் அட்டையை மாலை மாதிரி வெட்டி மாட்டினால் போதும், நடுமூளை மறுபடி தூங்கிவிடும். மங்களூரின் நரேந்திர நாயக், உயிர்வேதியியல் ஆசிரியராக இருந்தவர், பகுத்தறிவாளர் சங்கங்களின் கூட்டமைப்புத் தலைவர், இந்த வகைப் பயிற்சிகளுக்கு எதிராக ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டியது ஏறக்குறைய இதைத்தான்.

*

பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் இதைச் செய்தார்கள். அவர்களில் என் மனதுக்கு நெருக்கமானவர் குடா பக்ஸ். 1905இல் காஷ்மீரின் அக்னூரில் பிறந்தவர். 1930களில் இங்கிலாந்து மேடைகளில் கண்மேல் மாவை அப்பி, பஞ்சு வைத்து, துணி சுற்றி, தலையே ஒரு பந்து மாதிரி ஆன பிறகு புத்தகம் படித்துக் காட்டினார். 1950இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அவருக்கு ஒரு தொடர் கொடுத்தது. அந்த முஸ்லிமை "இந்து ஞானி" என்று தலைப்பில் போட்டது. கிழக்கத்திய மர்மம் என்று வந்துவிட்டால் அட்டையை யார் சரிபார்க்கிறார்கள்?

ரோல்ட் டால் 1952இல் அவரைப் பற்றி எழுதினார். 25 வருடம் கழித்து அதே ஆளை மனதில் வைத்து ஹென்றி ஷுகர் கதையை எழுதினார். வெஸ் ஆண்டர்சன் 2023இல் அதைக் குறும்படமாக எடுக்க, அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. இதை வாசிக்கிற பலர் நெட்ஃபிளிக்ஸில் பார்த்திருப்பீர்கள். கதையில் ஒரு பணக்காரச் சோம்பேறி கண்ணில்லாமல் பார்க்கும் கலையைக் கற்கிறான், சீட்டாட்ட விடுதிகளில் ஜெயிப்பதற்காக. மெழுகுவர்த்திச் சுடரைப் பார்த்து உட்கார்ந்து கற்றுக்கொள்ள அவனுக்கு மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. சக்தி வந்ததும் பணத்தின் ருசி போய்விடுகிறது. டால் அதைக் கதை என்று சொல்லி விற்றார், நாமும் கதை என்று தெரிந்து வாங்கினோம். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும் பயிற்சியில் இல்லாத ஒரு நேர்மை அந்த மூன்று வருடத்தில் இருக்கிறது. கஷ்டமில்லாமல் எதுவும் வராது என்பதைப் புனைவுகூட மதிக்கிறது.

பி.சி. சர்க்கார் கண்ணைக் கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டினார், ஆனால் தன்னை மேஜிக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார். நம் சந்தைமேட்டு மோடிவித்தைக்காரரும் அப்படித்தான். ஒரு பையனைப் படுக்கவைத்துப் போர்வையால் மூடிவிட்டு, கூட்டத்தில் ஒருவர் சட்டையைத் தொட்டு "இது இன்னா கலரு, சொல்லு" என்பார். பையன் போர்வைக்குள்ளிருந்து சொல்வான். கேள்வியின் வார்த்தைகளிலேயே பதில் ஒளிந்திருக்கும். முடிந்ததும் தட்டு வரும், முடிந்ததைப் போடுவோம். "எங்க வயித்துப் பொழப்பு சாமி" என்று அவர் சொல்லும்போது ஒப்பந்தம் வெளிப்படையாகிவிடுகிறது. உன்னை ஏமாற்றப் போகிறேன், உனக்கும் அது தெரியும். மண்டபத்து மேடையில் மாறியது இந்த ஒப்பந்தம் மட்டும்தான். வித்தை பழையது, தட்டு மட்டும் ரசீதுப் புத்தகமாகிவிட்டது.

*

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த மாதிரிச் சங்கதிகளைப் பார்த்து மெலிதாகச் சிரித்துக்கொண்டு கடந்துபோவதுண்டு. அவர்களுக்காக ஒரு கதை.

ஜூல் ரோமென், பிரெஞ்சு எழுத்தாளர், 1885இல் பிறந்தவர், பின்னால் பிரெஞ்சு அகாதெமி உறுப்பினர். கூட்டத்துக்கு என்று ஓர் ஆன்மா உண்டு, தெருவும் அரங்கமும் ஊரும் ஒரே உயிராக மூச்சுவிடும் என்ற கொள்கையில் கவிதை எழுதியவர். இவர் 1920இல், லூயி ஃபாரிகூல் என்ற தன் இயற்பெயரில், விழித்திரைக்கு வெளியே பார்வை என்று ஒரு விஞ்ஞானப் புத்தகம் வெளியிட்டார். தோலில் நுண்ணிய கண்கள் இருக்கின்றன, பயிற்சி கொடுத்தால் கன்னத்தாலும் மார்பாலும் படிக்கலாம் என்றார். கண்ணைக் கட்டிய ஆட்களை வைத்துச் சோதனை செய்திருந்தார். தன்னையும் சோதித்துக்கொண்டார். விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. நாட்றம்பள்ளி மேடைக்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஒத்திகை என்று அதைச் சொல்லலாம்.

இதே ரோமென் 1923 டிசம்பரில் பாரிஸில் ஒரு நாடகம் அரங்கேற்றினார். நாக் என்பது அதன் பெயர், அதில் வரும் டாக்டரின் பெயரும் அதுதான். ஒரு மலையூருக்கு வரும் டாக்டர் நாக், அங்கே யாருக்கும் நோயில்லை என்று பார்க்கிறார். உடனே தண்டோராக்காரரைப் பிடித்து, சந்தை நாளில் இலவசப் பரிசோதனை என்று அறிவிக்கச் சொல்கிறார். பள்ளி ஆசிரியரைப் பிடித்துக் கிருமிகளைப் பற்றி ஊருக்குப் பாடம் எடுக்கச் சொல்கிறார். மருந்துக்கடைக்காரரைக் கூட்டு சேர்க்கிறார். மூன்று மாதத்தில் ஊரே படுக்கையில். நோய் இல்லாதவன் என்று யாரும் இல்லை, நோய் இருப்பது தெரியாதவன்தான் இருக்கிறான் என்பது அவர் கொள்கை. கடைசியில், உண்மை தெரிந்த பழைய டாக்டரே தன் உடம்பில் ஏதோ இருக்கிறதோ என்று பயந்துபோகிறார்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தண்டோரா, இலவச முகாம், பள்ளி ஆசிரியர் என்று வரிசையாக ஒவ்வொன்றும் நம் ஊரில் நடந்தது. ஆட்டோவில் மைக் கட்டி இலவச டெமோ என்றார்கள். தனியார் பள்ளி ஒன்று பெற்றோர் கூட்டத்தில் நோட்டீஸ் கொடுத்தது. உங்கள் பிள்ளை நன்றாகத்தானே படிக்கிறான் என்றால், "அவன் மூளையில பாதிகூட வேலை செய்யலியே" என்று பயம் காட்டினார்கள். நோயில்லாத ஊரில் நோயை உண்டாக்குவது போல, தூங்காத மூளையில் தூக்கத்தை உண்டாக்கினார்கள்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ஓர் ஊர் எப்படி ஏமாறும் என்று இவ்வளவு துல்லியமாக எழுதிய அதே கை, மூன்று வருடம் முன்னால் கண்கட்டின் சந்தைப் பார்க்கத் தவறியது. விமர்சகர்கள் சிலர் இதை ரோமெனின் இளமைக்கால விநோதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் ஒரே மனதிலிருந்து வந்தவை. கூட்டத்துக்கு ஓர் ஆன்மா உண்டு என்று நம்புகிறவனுக்கு, கூட்டமாகக் கைதட்டும்போது பிறக்கும் வெப்பம் தெரியும். அதை அவன் எழுதவும் செய்வான், அதற்குள் விழவும் செய்வான். புத்திசாலித்தனம் தடுப்பூசி இல்லை. பல நேரம், தான் நம்ப விரும்புவதற்குக் காரணங்களை வேகமாகத் தயாரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. அக்காவை விட ரோமெனுக்கு நிறையக் காரணங்கள் கிடைத்தன, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

தமிழில் இதை எதிர்த்த மரபு ஒன்று உண்டு. திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஆபிரகாம் கோவூர், 1963இல் ஒரு லட்ச ரூபாய் சவால் விட்டார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்துக் காட்டுவதும் அந்தச் சவால் பட்டியலில் இருந்தது. 1978இல் அவர் இறக்கும் வரை யாரும் அந்தப் பணத்தை வாங்கவில்லை. கோவை போத்தனூரிலிருந்து இந்தியன் ஸ்கெப்டிக் இதழை நடத்திய பி. பிரேமானந்த், 2009இல் இறக்கும் வரை, சாமியார்களின் வித்தைகளை மேடையில் செய்து காட்டி உடைத்தார்.

இவர்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனாலும் ஒரு குறை சொல்ல வேண்டும், இவர்களைவிட இவர்களுக்குப் பின்னால் வந்த நம்மைப் பற்றியது. கோவூர் சாமியாரைப் பார்த்துச் சவால் விட்டார். நாமோ சாமியாரை விட்டுவிட்டு நம்பியவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ரீல்ஸில் கண்கட்டுப் பிள்ளைகளை எடுத்துப் போட்டு "மூளை இருக்கா" என்று கேட்கிறோம். அக்கா காலை ஆறு மணிக்குக் கம்பெனி வண்டி ஏறி, ஷூவின் மேல்தோல் துண்டுகளைத் தைத்துவிட்டு, இருட்டும்போது இறங்குகிறாள். தன் பையன் தோல் வேலைக்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுடைய திட்டம். நீட், கோச்சிங் என்று லட்சங்களில் கேட்கும் சந்தையில், சில ஆயிரங்களுக்கு ஒரு வாசல் திறக்கிறது என்று ஒருவன் வந்து சொல்கிறான். அவள் மூடநம்பிக்கையில் விழவில்லை. கையில் இருந்த காசுக்கு எது கிடைக்கும் என்று கணக்குப் பார்த்தாள். கணக்கில் கொடுக்கப்பட்ட தகவல் பொய். பொய் சொன்னவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

*

இன்னொன்றும் இருக்கிறது. கண் இல்லாமல் பார்ப்பது உண்மையிலேயே நடக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளை வைத்து அதைச் சாதித்தார். 1996இல் நேச்சரில் சதாதோவும் கூட்டாளிகளும் எழுதினார்கள்: சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெய்ல் படிக்கும்போது, மூளையின் பின்பக்கம், பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்கிறது. விரல் தடவுகிறது, பார்வைப் பகுதி படிக்கிறது. இதைவிடப் பெரிய அதிசயத்தை எந்த மண்டபமும் காட்டியதில்லை. ஆனால் இதற்கு வருடக்கணக்காகப் பழக வேண்டும், ஆசிரியர் வேண்டும், புத்தகம் அச்சாக வேண்டும்.

1974இல் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸும் கூட்டாளிகளும் டி.பி. என்ற நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அறுவை சிகிச்சையில் பார்வைப் பகுதியின் ஒரு பாகம் போனதால், அவருக்கு இடது பக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் வைத்த பொருளைச் சுட்டச் சொன்னால், "எனக்குத் தெரியல, சும்மா சொல்றேன்" என்றபடியே சரியாகச் சுட்டினார். கண்ணிலிருந்து நடுமூளைக்குப் போகும் பழைய பாதை இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். விநோதம் பாருங்கள்: நடுமூளைக்கும் பார்வைக்கும் உண்மையிலேயே ஒரு சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அதற்கும் கண் திறந்திருக்க வேண்டும்.

மூளைப் பயிற்சியும் நமக்குப் புதிதில்லை. 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்துப் பதில் சொல்லி, சதாவதானி என்று பெயர் வாங்கினார். அதற்குக் கண்கட்டு தேவைப்படவில்லை. எங்கள் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு மதரசாக்களில் பையன்கள் விடிகாலையில் உடம்பை முன்னும் பின்னும் ஆட்டி ஓதிக்கொண்டிருப்பார்கள். குர்ஆனின் 114 அத்தியாயங்களையும் மனப்பாடம் செய்து ஹாஃபிழ் ஆவதற்குச் சில வருடம் பிடிக்கும். டேனரிகளில் தோல் தரம் பிரிக்கிறவர்களைப் பாருங்கள். கண்ணோடு கட்டைவிரலும் சேர்ந்து பார்க்கும். எங்கே மெலிவு, எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று அவர் சொன்ன பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரியும். இதெல்லாம் உழைப்பால் வந்த பார்வை. இவர்கள் யாருக்கும் ஃப்ளெக்ஸ் கிடையாது.

பார்வையற்றவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். கண் இல்லாமல் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியும் என்றால், முதல் நாற்காலி யாருக்குப் போட வேண்டும்? மண்டபத்தில் ஒரு பார்வையற்ற பிள்ளைகூட இல்லை. கண் தெரிந்த பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுக்க முடிகிற, கண் இல்லாத பார்வை! குடா பக்ஸுக்கே கடைசிக் காலத்தில் கண்ணழுத்த நோயால் பார்வை போனது என்கிறார்கள். மாவுக்கும் பஞ்சுக்கும் அடியில் அவர் நம்பியிருந்தது அந்தக் கண்ணைத்தான்.

2024 செப்டம்பரில் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளர் பேசிய வீடியோ வெளிவந்தது நினைவிருக்கலாம். தன்னம்பிக்கைப் பேச்சு என்று அழைத்திருந்தார்கள். உடற்குறையோடு பிறப்பது முற்பிறவிப் பாவம் என்கிற மாதிரி அவர் பேசினார். எழுந்து தடுத்துக் கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். கண் உள்ள அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில், நடப்பதைப் பார்த்தவர் அவர்தான். மூளையை எழுப்புகிறேன் என்பதும், முற்பிறவி பேசுவதும், நித்தியானந்தாவின் குருகுலப் பிள்ளைகள் மூன்றாம் கண்ணால் படித்ததாகக் காட்டிய வீடியோக்களும் ஒரே கடையின் வேறு வேறு ஜன்னல்கள். எல்லாவற்றிலும் பிள்ளைகள் மேடையில் இருக்கிறார்கள், கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லப்பட்டு.

*

பையனிடம் திரும்பி வருகிறேன்.

பயிற்சியாளருக்குத் தெரியுமா என்று அவனைக் கேட்டேன். "தெரியும்னு நெனைக்கிறேன். ஒருத்தன் தெரியலன்னு சொன்னான். நீ நம்பல, அதான் வரலன்னாங்க. அப்புறம் அவனுக்கும் வந்துச்சு." இந்த நாலு வாக்கியத்தில் முழுப் பாடத்திட்டமும் இருக்கிறது. தெரியவில்லை என்ற உண்மையைச் சொன்னவன் தோற்றவன். எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பவன் ஜெயித்தவன். பிள்ளைகள் சேட்டைக்காகப் பொய் சொல்வது வேறு. அது வளர்வதில் ஒரு பகுதி. இங்கே பெரியவர்கள் சேர்ந்து கட்டிய ஒரு பொய்யைப் பத்து வயதுத் தோளில் ஏற்றி, அதற்குக் கைதட்டி, சான்றிதழும் கொடுத்து அனுப்புகிறார்கள். அம்மாவின் சந்தோஷம் தன் மோவாயின் கோணத்தில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது நல்லதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் "கண்ணு, அத கொஞ்சம் செஞ்சு காட்டு" என்பார்கள். அவன் கட்டிக்கொண்டு உட்கார்வான். சீட்டுப் பணம் மாதாமாதம் கட்டி முடியும் வரைக்கும் அவனும் தன் பங்கைக் கட்டிக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன்? ஒரு மாதம் ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன். கார்ட்னரைப் படித்தேன், ரோமெனைப் படித்தேன். அக்கா இணைய இதழ் படிப்பவள் இல்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. நம் விமர்சனங்கள் பலவும் இப்படிச் சம்பந்தப்பட்டவர் காதுக்குப் போகாத தூரத்தில் வைத்துத் தைரியமாக எழுதப்படுபவைதான்.

போன வாரம்தான் சொன்னேன். அக்கா ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் சொன்னாள், "எனக்குத் தெரியாதாடா? நாள் முழுக்க ரெண்டு நூல் இடைவெளி பாத்து தைக்கிறவ நான். அவன் மூக்காண்ட தூக்கிகினு இருந்தது எனக்குத் தெரியாதா? மூணாம் நாளே தெரியும்."

"அப்புறம் ஏங்க்கா சும்மா இருந்த?"

"மைக்குல அவன் பேரு சொன்னாங்க இல்ல. எங்கயாச்சும் அவன் பேர மைக்குல சொல்லியிருக்காங்களா? நான் சொன்னா புள்ள மனசு ஒடிஞ்சு போயிடும்னு வுட்டுட்டேன்."

அம்மா அழுவாள் என்று பையன் மறைத்தான், பையன் உடைந்துபோவான் என்று அம்மா மறைத்தாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஓரச் சந்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு ஓர் ஆன்மா உண்டு என்று ரோமென் சொன்னது இதுவாகவும் இருக்கலாம். டாக்டர் நாக்கின் ஊரிலும் எத்தனை பேர் நிஜமாகவே தங்களை நோயாளி என்று நம்பினார்கள், எத்தனை பேர் ஒரு நாளாவது யாராவது தங்களைக் கவனித்துப் படுக்கவைக்கட்டும் என்று படுத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். பொய்யை விற்பவனுக்கு அந்தத் தாகம் தெரியும். அதை எதிர்க்கிற நமக்குத்தான் தெரிவதில்லை. நூறு பிள்ளைகள் இருக்கும் ஓர் ஊரில், படிப்பில் நடுவில் நிற்கும் ஒரு பிள்ளையின் பெயரை மைக்கில் சொல்ல நம்மிடம் வேறு என்ன மேடை இருக்கிறது?

அடுத்த நாள் பையனிடம், "அம்மாக்குத் தெரியும்டா, அழல" என்றேன். முதலில் நம்பவில்லை. அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு கேட்டான்:

"அப்ப நான் இனிமே அத கட்டிக்க வேணாமா மாமா?"